கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி

மாணவர்களே, அறிவியல் பாடத்தில் எந்தச் சோதனையையும் ஒரு கருதுகோளிலிருந்துதான் தொடங்குகிறோம். கருதுகோள் என்பது நம் ஊகம். அது சரியா, தவறா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். சோதிக்காத கருதுகோளை ஊரே நம்பினாலும் அது உண்மை ஆகிவிடாது.

அப்படி ஊரே நம்பும் ஒரு கருதுகோளை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்: ‘மனமுடைந்திருக்கும் ஒருவரிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே அவர் மனத்தில் விதைத்துவிடுவோம்.’

பெற்றோர் பலர் இதை நம்புகிறார்கள். ஆசிரியர்களிலும் நம்புபவர்கள் உண்டு. அதனால் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் துன்பப்படுபவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு பக்கமும் மௌனம். அந்த மௌனத்தில்தான் ஆபத்து வளர்கிறது.

இந்தக் கருதுகோளை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதன் முடிவு என்ன, உங்கள் நண்பர் ஒருவர் இப்படித் தவித்தால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கும் உங்களுக்கே வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால், கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு இப்போதே செல்லுங்கள். அங்கே தொலைபேசி எண்கள் உள்ளன. மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நம் வகுப்பில் எத்தனை பேர்?

2022ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு, நாடு முழுவதும் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களின் உடல்நலம், மனநலம் பற்றி ஆய்வு நடத்தியது. அதில் 13.1 விழுக்காட்டினர் தங்களுக்குத் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிவித்தனர். மனச்சோர்வின் அறிகுறிகள் 26.9 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன.

விழுக்காட்டை ஆள் கணக்காக மாற்றிப் பாருங்கள். 13.1 விழுக்காடு என்றால் ஏறக்குறைய எட்டில் ஒருவர். 32 பேர் உள்ள வகுப்பில் நால்வர். இது சராசரிக் கணக்கு. ஒரு வகுப்பில் கூடலாம், இன்னொன்றில் குறையலாம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: எண்ணம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கடந்து வாழ்கிறார்கள். எண்ணம் வருவதும் இறப்பதும் ஒன்றல்ல. இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில்தான் உதவிக்கு இடம் இருக்கிறது.

உலக அளவில், உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் ஏறத்தாழ 727,000 பேர் தற்கொலையால் இறந்தனர். 15 முதல் 29 வயதினரின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் இருக்கிறது.

அந்த ஆய்வில் மாணவர்கள் தங்கள் பெயரைக் குறிப்பிடாமல் பதில் அளித்தார்கள். பெயரில்லாத தாளிடம் சொன்னதைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வலியும் குறுகிய பார்வையும்

‘எஸ்பிஎம் முடிவு சரியில்லை, அதனால்…’, ‘காதல் தோல்வி, அதனால்…’ என்று செய்திகளில் படிக்கிறோம். ஒரே ஒரு காரணம் இருப்பதுபோல் தெரியும். ஆய்வுகள் அப்படிச் சொல்வதில்லை. மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, பகடிவதை, பணக் கஷ்டம், நெருங்கியவரின் இழப்பு, நாள்கணக்கில் தூக்கமின்மை எனப் பல சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். வெளியே தெரிவது கடைசியாக விழுந்த சுமை மட்டும்தான்.

தற்கொலைத் தடுப்பு ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மேன். 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களுள் இவரும் ஒருவர். இத்தகைய நிலையில் இருப்பவரிடம் இரண்டு முக்கியமான தன்மைகளை அவர் கண்டார். ஒன்று, பொறுக்க முடியாத மனவலி. மற்றொன்று, பார்வை குறுகிப்போதல். சுரங்கப் பாதைக்குள் நின்று பார்ப்பதுபோல, பக்கவாட்டில் இருக்கும் வழிகள் எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. ‘இந்த வலி நிற்க வேண்டும்’ என்பதுதான் அவருடைய உண்மையான விருப்பம். வலியை நிறுத்த வேறு வழி தெரிந்தால் அவர் வாழவே விரும்புவார்.

உங்கள் வயதில் இது இன்னும் கடினம். அதற்கு உயிரியல் காரணம் உண்டு. திட்டமிடுதல், பின்விளைவை எண்ணிப் பார்த்தல், உணர்ச்சியை அடக்கி ஆளுதல் ஆகிய வேலைகளைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது இருபது வயதைத் தாண்டியும் முதிர்ச்சி அடைந்துகொண்டே இருக்கிறது. பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளை எழுப்பும் ஆழ்பகுதிகளோ அதற்கு முன்பே வேகம் பிடித்துவிடுகின்றன. அதனால் இளம் வயதில் உணர்ச்சி அலை உயரமாக எழுகிறது. ‘இது கடந்துபோகும்’ என்று சொல்லும் குரல் மெதுவாகவே ஒலிக்கிறது.

ஆனால் அலை எழுந்தால் இறங்கவும் செய்யும். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கிறது. தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறக்கவில்லை என்பது தெரியவந்துள்ளது. ‘சாகணும்னு முடிவெடுத்தவரை யாராலும் தடுக்க முடியாது’ என்ற பேச்சுக்கு இது பதில். அந்த உச்ச நேரத்தில் ஒருவர் தனியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஓர் உயிர் மிஞ்சும்.

உற்றறியுங்கள்

தொடக்கப்பள்ளி அறிவியலில் நாம் முதலில் கற்ற திறன் உற்றறிதல். நண்பரிடமும் அதே திறன்தான் தேவை. கவனிக்க வேண்டியவை இவை:

*பேச்சில்:* ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’, ‘என்னால வீட்டுக்குத் தொல்லைதான்’, ‘இனி எதுவும் மாறப் போறது இல்ல’, ‘அடுத்த வருஷம் நான் இருப்பேனான்னு தெரியல’ போன்ற சொற்கள். நேராகச் சாவைப் பற்றிப் பேசுவது. சிரித்துக்கொண்டே சொன்னாலும், புலனத்தில் நிலைத்தகவலாக இரவில் போட்டுக் காலையில் அழித்துவிட்டாலும் இவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

*நடத்தையில்:* நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, உயிராக நினைத்த பந்து விளையாட்டையோ நடனத்தையோ திடீரென விட்டுவிடுவது, தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, எல்லாரிடமும் விடைபெறுவதுபோல் பேசுவது, மது அல்லது வேப் பழக்கம் கூடுவது, வெயில் நாளிலும் நீளக் கைச்சட்டையால் காயங்களை மறைப்பது.

*உடலில்:* தூக்கம் மிகக் குறைவது அல்லது நாள் முழுக்கத் தூங்குவது, பசி மாறுவது, வகுப்பில் எப்போதும் களைப்பாக இருப்பது.

*மனநிலையில்:* எரிச்சல், கோபம், அழுகை, வெறுமை. பல வாரம் மிகவும் சோர்ந்திருந்தவர் எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென அமைதியாகிவிடுவதும் கவனிக்க வேண்டிய அறிகுறி. ‘சரியாகிவிட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் கண்டவுடன் பதற வேண்டாம். தேர்வு வாரத்தில் யாருக்குத்தான் தூக்கம் சரியாக வரும்? வழக்கத்திலிருந்து மாற்றம் இருக்கிறதா, பல அறிகுறிகள் சேர்ந்து வருகின்றனவா, அண்மையில் பெரிய இழப்போ அவமானமோ நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நண்பரின் வழக்கம் என்ன என்பது ஆசிரியரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

‘கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிப் பேசுகிறாள்’ என்று சிலர் சொல்வார்கள். கவனம் தேவைப்படும் ஒருவருக்குக் கவனம் கொடுப்பதில் என்ன தவறு?

கருதுகோளைச் சோதித்தவர்கள்

உற்றறிந்தாயிற்று. சந்தேகம் வந்துவிட்டது. இப்போது கேட்கலாமா, கூடாதா?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் மேடலின் கூல்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 2005ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். உங்கள் வயதுக்காரர்கள்தான்.

மாணவர்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்குத் தரப்பட்ட வினாத்தாளில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் இருந்தன. இரண்டாம் குழுவின் வினாத்தாளில் அவை இல்லை. இரண்டு நாள் கழித்து இரு குழுவுக்கும் அந்தக் கேள்விகள் உள்ள வினாத்தாள் தரப்பட்டது. மாணவர்களின் மனக்கலக்கமும் தற்கொலை எண்ணமும் அளக்கப்பட்டன.

மாறிகளைச் சொல்லுங்கள் பார்ப்போம். தற்சார்பு மாறி: முதல் நாளில் அந்தக் கேள்விகள் இருந்தனவா, இல்லையா என்பது. சார்பு மாறி: மனக்கலக்கமும் தற்கொலை எண்ணமும். குலுக்கல் முறையில் பிரித்ததால் மற்ற வேறுபாடுகள் இரு குழுவிலும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும்.

முடிவு? கேள்வி கேட்கப்பட்ட குழுவில் மனக்கலக்கம் கூடவில்லை. தற்கொலை எண்ணமும் கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களையும் முன்பு தற்கொலைக்கு முயன்றவர்களையும் தனியாகப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. முதலிலேயே கேட்கப்பட்டவர்களின் நிலை, கேட்கப்படாதவர்களின் நிலையைவிடச் சற்று மேலாகவே இருந்தது. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

ஆகவே கருதுகோள் நிராகரிக்கப்பட்டது. கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. எண்ணம் இல்லாதவர் ‘இல்லை’ என்பார். இருப்பவருக்கோ, பூட்டிய கதவை யாரோ தட்டுவதுபோல இருக்கும்.

எப்படிக் கேட்பது?

கூட்டத்தில் கேட்காதீர்கள். உணவகத்தில் எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். பள்ளி முடிந்து நடந்து போகும்போது, திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். நேரில் முடியாவிட்டால் அழைத்துப் பேசுங்கள். நீங்கள் கண்டதைச் சொல்லித் தொடங்குவது எளிது:

‘ரெண்டு வாரமா நீ யார்கூடவும் பேசுறது இல்ல. நேத்து போட்டதையும் படிச்சேன். எனக்குக் கவலையா இருக்கு. என்ன ஆச்சு?’

சொல்வதைக் கேளுங்கள். பிறகு சுற்றி வளைக்காமல் கேளுங்கள்:

‘சில பேருக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?’

‘நீ அந்த மாதிரி முட்டாள்தனமா எதுவும் யோசிக்கலதானே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே அவர் வாயில் ஊட்டிவிடுகிறீர்கள். அந்தப் பதில் உங்களுக்கு நிம்மதி தரும், அவருக்கு உதவாது.

‘ஆமா’ என்று சொன்னால் உங்களுக்கு உள்ளங்கை வியர்க்கும். அது இயல்பு. ‘சொன்னதுக்கு நன்றி. நான் இங்கதான் இருக்கேன்’ என்பது போதும். அறிவுள்ள பதில் எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தேநீர் கொடுத்தவர்கள்

பதில் சொல்லத் தெரியாத சாதாரண மனிதர்களால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் மனமுடைந்தவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். தொலைபேசியில் அழைத்தவர்கள் போக, தேவாலயத்துக்கு நேரிலும் பலர் வந்தார்கள். எல்லாரையும் அவர் ஒருவரே பார்க்க முடியவில்லை. காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருக்கத் தொண்டர்கள் முன்வந்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களில் பலருக்கு அதன்பின் தம்மைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1954இல் அவர் அந்தப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அதே வழியில் நம் நாட்டில் 1970ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் தொடங்கப்பட்டது.

அந்தத் தொண்டர்கள் செய்தது என்ன? கேட்டார்கள். தீர்ப்பு சொல்லவில்லை, அறிவுரை கொட்டவில்லை. நீங்களும் அதைச் செய்யலாம்.

சொல்லக்கூடாத சில சொற்களும் உண்டு. ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா?’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க’, ‘அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா?’, ‘சாமி கும்பிடு, சரியாப் போயிடும்’. இவை நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் ஏற்கனவே ‘நான் எல்லாருக்கும் சுமை’ என்று நினைப்பவர் தோளில் இவை இன்னொரு குற்ற உணர்வை ஏற்றிவிடும்.

இந்த ரகசியத்தைக் காக்காதீர்கள்

கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது. உங்கள் நண்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘யார்கிட்டயும் சொல்லாதே, சத்தியம் பண்ணு’ என்பார்.

அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். ‘உன் விஷயத்தை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடிய ஒரு பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். வா, சேர்ந்தே போகலாம்’ என்று சொல்லுங்கள். ஏற்கனவே சத்தியம் செய்துவிட்டீர்களா? அதை மீறுங்கள். நண்பர் கோபித்துக்கொள்ளலாம். சில வாரம் பேசாமல்கூட இருக்கலாம். உயிரோடு இருக்கும் நண்பரின் கோபத்தைச் சரிசெய்ய உங்களுக்குக் காலம் இருக்கிறது.

யாரிடம் சொல்வது? பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். ஆலோசனை அறைக்குப் போனாலே ‘ஏதோ தப்பு செய்தவன்’ என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கட்டொழுங்கு ஆசிரியரின் அறையும் ஆலோசனை அறையும் வேறு வேறு. நீங்கள் நம்பும் வகுப்பாசிரியர், பயிற்றுநர், அக்காள், சித்தப்பா, அத்தை என யாராகவும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து இருக்கும் நிலையில் ஆலோசக ஆசிரியர் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டிவரும். வீட்டில்தான் பிரச்சினை என்றால் அதையும் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் சொன்ன பெரியவர் ‘வயசுக் கோளாறு, விடு’ என்றால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இரண்டாவது ஒருவரிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால் மூன்றாமவர். யாராவது ஒருவர் எழுந்து நடவடிக்கை எடுக்கும்வரை சொல்லுங்கள்.

உடனடி ஆபத்து என்றால்

எப்படி, எப்போது என்று நண்பர் திட்டம் வைத்திருந்தால், அதற்கான பொருளைக் கையில் வைத்திருந்தால், அல்லது ஏற்கனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால், அது அவசர நிலை. காலையில் பள்ளியில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

1. அவரைத் தனியே விடாதீர்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பைத் துண்டிக்காமல், வேறொருவர் மூலம் உதவி தேடுங்கள்.

2. பக்கத்தில் இருக்கும் பெரியவரை உடனே அழையுங்கள். இரவு 2 மணி என்றாலும் உங்கள் பெற்றோரை எழுப்புங்கள். நண்பரின் வீட்டு முகவரியைச் சொல்லுங்கள்.

3. 999 அழையுங்கள், அல்லது அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பெரியவர் துணையோடு அழைத்துச் செல்லுங்கள்.

4. ஆபத்தான பொருள் ஏதாவது இருந்தால் பெரியவரிடம் சொல்லுங்கள். நீங்களே பிடுங்க முயல வேண்டாம். உங்கள் பாதுகாப்பும் முக்கியம்.

போலீசில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் நம் பெற்றோரிடம் இன்னமும் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் குற்றமாகவே இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. 2023 செப்டம்பர் 11 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று தற்கொலைக்கு முயன்றவர் குற்றவாளி அல்லர். அவர் சிகிச்சை தேவைப்படுபவர். ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள் இன்னமும் ‘கொலை’ இருக்கிறது. சட்டம் மாறிவிட்டது. நம் பார்வையும் மாற வேண்டும்.

அதற்குப் பிறகு

நண்பர் சிகிச்சை பெற்றுப் பள்ளிக்குத் திரும்புகிறார். என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் விலகி நிற்கிறார்கள். இந்த இடத்திலும் ஓர் ஆய்வு நமக்கு வழி காட்டுகிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை நெருக்கடியாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வீடு திரும்பியபின் தொடர் சிகிச்சையை மறுத்த அல்லது பாதியில் நிறுத்திய 843 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது சுருக்கமான கடிதங்கள் போயின. நலமாக இருக்கிறீர்களா என்ற விசாரிப்பு மட்டும்தான். எந்தக் கேள்வியும் இல்லை, எந்தக் கட்டாயமும் இல்லை. மற்றக் குழுவுக்கு எதுவும் அனுப்பப்படவில்லை. கடிதம் பெற்ற குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் குறைவு. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

ஓர் உறைக்குள் சில வரிகள். செலவு ஓர் அஞ்சல்தலை. இன்று உங்களுக்கு அஞ்சல்தலைகூட வேண்டாம். ‘சாப்பிட்டியா?’, ‘இன்னைக்கு கணக்குப் பாடம் எடுத்து வச்சிருக்கேன், நாளைக்குத் தர்றேன்’, ‘சும்மாதான், நினைப்பு வந்துச்சு’. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த வாரமும் அனுப்புங்கள். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். வகுப்பில் மற்றவர்கள் அதைக் கதையாக்கினால் பேச்சை நிறுத்துங்கள்.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். இத்தகைய சுமையைத் தாங்கியபின் தூக்கம் கெடலாம், படிப்பில் மனம் ஒட்டாமல் போகலாம். நீங்களும் ஆலோசக ஆசிரியரைப் பார்க்கலாம். உங்கள் வேலை நண்பரைப் பெரியவர்களின் கையில் சேர்ப்பதுதான். குணப்படுத்துவது மருத்துவரின் வேலை. ஏற்கனவே ஒரு நண்பரை இப்படி இழந்திருந்தால், ‘நான் அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும்’ என்று உங்களையே தண்டித்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி பெற்ற மருத்துவர்களால்கூட எல்லா நேரமும் முன்கூட்டிக் கணிக்க முடிவதில்லை. அது உங்கள் தவறு அல்ல.

இது உங்களுக்கே என்றால்

உங்களுக்கு இப்படி ஓர் எண்ணம் வந்திருந்தால், நீங்கள் கெட்டவரும் இல்லை, கோழையும் இல்லை. பொறுக்க முடியாத வலியில் இருக்கிறீர்கள். அந்த வலிக்குச் சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வை ஆலோசனையாலும் மருந்தாலும் குணப்படுத்த முடிகிறது. இன்று இரவு வாழ்க்கை முழுவதற்கும் முடிவெடுக்க வேண்டாம். ஒருவரிடம் சொல்வது ஒன்றே இன்றைய வேலை. வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, ‘இது எனக்கு’ என்று எழுதி, நீங்கள் நம்பும் ஒருவர் கையில் கொடுங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்:

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929 (24 மணி நேரமும்)

தாலியான் காசே: 15999 (24 மணி நேரமும்)

சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை: 15555

உடனடி ஆபத்து: 999

எந்த மொழியில் பேச வசதி என்பதை அழைத்தவுடனேயே சொல்லுங்கள். ஓர் எண் கிடைக்காவிட்டால் அடுத்ததை அழையுங்கள்.

மாணவர்களே, இந்த வார வீட்டுப்பாடம் சிறியது. கைப்பேசியை எடுங்கள். மேலே உள்ள நான்கு எண்களையும் இப்போதே சேமித்துவையுங்கள். பிறகு, கொஞ்ச நாளாக உங்களுக்கு உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு நண்பரை அழைத்து, ‘எப்படி இருக்க?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.